படகில் எழுந்து நிற்பவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கொள்ளிடக்கரை:
பிச்சாவரத்தில் மோட்டார் படகு போக முடியாத குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகு நுழையும். பொங்கல் விடுமுறையில் அப்படிப் போனபோது, எங்களோடு வந்த இளைஞர் ஒருவர் படம் எடுத்துக்கொள்ள எழுந்து நின்று, தலைக்கு மேல் தாழ்ந்திருந்த கிளையைப் பிடித்தார். படகு நகர்ந்தது, அவர் கை கிளையை விடவில்லை. கவிழ்ந்துவிடுவாரோ என்று பதறிய இருவர் அவரைப் பிடிக்க அதே பக்கம் பாய்ந்தார்கள். அவ்வளவுதான், விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது.

படகோட்டி அண்ணன், "கிளையை விடுங்கள்! மற்றவர்கள் அசையாதீர்கள்!" என்று போட்ட அதட்டலில்தான் படகு நிமிர்ந்தது. ஆழம் அதிகமில்லையே என்று அந்த இளைஞர் பிறகு சமாளித்தார். அடியில் இருப்பது சேறு, கால் புதைந்துவிட்டால் இடுப்பளவுத் தண்ணீரே போதும் என்றார் படகோட்டி. அதன்பின் கரை சேரும்வரை யாரும் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை.

மலைச்சாரல்:
எழுந்தவரைவிடப் பிடிக்கப் பாய்ந்தவர்கள்தான் ஆபத்து. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற இரண்டு அடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பலர் ஒரே பக்கம் திரண்டதையும் காரணங்களுள் ஒன்றாகச் சொன்னார்கள். மேல்தளத்தில் கூட்டம் கூடக் கூடப் படகின் எடை மையம் உயரும். பிறகு சிறு சாய்வுகூடப் பெரிதாகிவிடும்.

கேரளத்தின் தானூரில் 2023 மே 7 அன்று 22 உயிர்கள் போனது இன்னும் கொடுமை. அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு கிளம்பிய படகு அது. கடைசிப் படகு என்று கூவி அழைத்தால் நான் ஏறுவதில்லை. என் மனைவிக்கு இதில் நிறைய மனத்தாங்கல் உண்டு.

பரிசல்துறை:
நான் தர்மபுரிக்காரன். ஒகேனக்கல்லுக்கு விருந்தாளிகளைக் கூட்டிப்போவதே எங்கள் குடும்பத் தொழில் போலாகிவிட்டது! காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை போடுவார்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அப்போதும் சிலர் சண்டை பிடிப்பார்கள். சிலர் காசு கொடுத்து வேறு வழி தேடுவார்கள். அவர்களிடம் பேசிப் பயனில்லை.

என் கவலை லைஃப் ஜாக்கெட் பற்றியது. எல்லோரும் அணிகிறார்கள், புழுக்கத்தைச் சொல்லிப் பட்டையை மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். மாட்டாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலைவழியே கழன்றுவிடும். அணிந்த பிறகு தோள்பக்கத்தைப் பிடித்து யாரையாவது மேலே தூக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் தளர்வு என்று பொருள். குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே போகும் பட்டையும் அவசியம்.

கொள்ளிடக்கரை:
குழந்தைக்கேற்ற அளவில் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள் அண்ணா? பெரியவர்களுடையதையே இறுக்கிக் கட்டிவிடலாமா?

பரிசல்துறை:
கூடாது, குழந்தை அதிலிருந்து நழுவிவிடும். எங்களுக்கும் ஒருமுறை குழந்தை அளவு ஜாக்கெட் கிடைக்கவில்லை. பரிசல் ஏறாமல் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். வீடு வரும்வரை மகள் என்னோடு பேசவில்லை.