வீட்டுக்கு மூடுன சர்வர் ரேக்: 12யூ வால் மவுன்ட் போதுமா, தரையில நிக்குறது வாங்கணுமா?

டப்பா_சர்வர்:
வணக்கம் மக்களே. வேளச்சேரில ரெண்டாவது மாடி ஃபிளாட். ஹால் மூலைல ஒரு பழைய டிவி ஸ்டாண்ட் மேலதான் என் மொத்த ஹோம்லேபும் (வீட்லயே வச்சிருக்குற சர்வர், நெட்வொர்க் சாமான்) கெடக்கு. ஃபைபர் ஓஎன்டி (இன்டர்நெட் லைன் வந்து சேர்ற பெட்டி), 24 போர்ட் நெட்வொர்க் சுவிட்ச், 4 டிஸ்க் போடுற நாஸ் (ஃபைல் எல்லாம் சேத்து வைக்குற பெட்டி), ரெண்டு மினி பிசி, கேமரா படத்த ரெக்கார்ட் பண்ற என்விஆர், 1 கேவிஏ யூபிஎஸ், அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஆசைப்பட்டு தூக்கிட்டு வந்த ஒரு பழைய 1யூ சர்வர் (யூங்குறது ரேக் சாமானோட உயர அளவு). இத்தனை நாள் ஒரு பிரச்சினையும் இல்ல, இப்போ பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான், நாஸ்ல லைட் மின்னுறத பாத்தா போதும் நேரா போய் பவர் பட்டன அமுக்கிடுறான், போன வாரம் மட்டும் மூணு தடவை. போதாக்குறைக்கு சுவிட்ச கழட்டி பாத்தா உள்ள பல்லி முட்டை.

அதனால கதவு, பூட்டு, நாலு பக்கமும் மூடுன ரேக்தான்னு (சாமான அடுக்கி முடுக்குற இரும்பு அலமாரி) முடிவு பண்ணியாச்சு. 12யூ வால் மவுன்ட் ஒன்னு பாத்து வச்சிருக்கேன், 600 மி.மீ. அகலம், 500 மி.மீ. ஆழம், முன்னாடி கண்ணாடி கதவு. வீட்டம்மாவுக்கும் கண்ணாடினா ஓகே, ஷோகேஸ் மாதிரி இருக்கும்ங்குறாங்க. கணக்கு போட்டா எனக்கு 9யூ தான் வருது, 12 தாராளம்னு தோணுது. எல்லாம் சேத்து பிளக்ல மீட்டர் வச்சு பாத்தேன், 250 வாட் இழுக்குது. வாங்கலாமா?

மதுரை_கேபிள்காரன்:
தம்பி ஆர்டர் போட்டுடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. பதினாலு வருசமா ஆபீஸ் ஆபீஸா ரேக் மாட்டுற வேலை பாக்குறேன், ரேக் வாங்கி ஏமாந்தவங்கள்ல பாதிக்கு மேல யூ கணக்குல ஏமாறல, ஆழத்துலதான் ஏமாந்தாங்க. யூன்னா உயரம் மட்டும்தான், 1யூ 44.45 மி.மீ., 9 வருதுன்னா 12 வாங்குங்க, அதுல குழப்பமே இல்ல. அகலமும் 19 இன்ச்னு உலகம் பூரா ஒன்னுதான். ஆனா ஆழத்துக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு கிடையாது. உங்க 1யூ சர்வர டேப் வச்சு அளந்து பாருங்க, 700 மி.மீ. பக்கம் இருக்கும். நீங்க பாத்து வச்சது வெளி அளவு 500, அதுக்குள்ள கதவு, பின்பக்க தகடு எல்லாம் போக 430, 450 கெடச்சா பெருசு. கதவ கழட்டிட்டு சர்வர்ல மூணுல ஒரு பங்கு ஹாலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும், பையன் தலை இடிக்கும்.

அளக்கும்போது பெட்டிய மட்டும் அளக்காதீங்க. பின்னாடி பவர் கார்டு வளையுறதுக்கு 100 மி.மீ. வேணும். முன்னாடி நெட்வொர்க் கேபிள் சொருகுனா அந்த பிளக்கும் வளைவும் சேந்து 70 மி.மீ. வரும், அதனால முன் ரெயில (சாமான முடுக்குற ஓட்டை வச்ச கம்பி) கதவுல இருந்து ஒரு சாண் இல்லேன்னாலும் நாலு விரல் அளவாவது உள்ள தள்ளி வைக்கணும். இத விட்டுட்டு கதவ சாத்துனா கேபிள் மடங்கி பிளக்கோட லாக் உடையும்.

அடுத்தது செவுரு. உங்க அபார்ட்மென்ட் செங்கல்லா, வெள்ளை கலர் லைட் வெயிட் பிளாக்கா? தட்டி பாத்தா தெரியாது, ஏதாவது ஒரு பழைய ஆணி ஓட்டைல வர்ற தூள் சிவப்பா வெள்ளையான்னு பாருங்க. வெள்ளைன்னா சாதா ஆங்கர் போல்ட நம்பி யூபிஎஸ் உள்ள வச்ச ரேக்க தொங்க விடவே கூடாது. என்னைக் கேட்டா தரையில நிக்குற 18யூ, 600 அகலத்துக்கு 800 ஆழம் வாங்குங்க. இடுப்பு உயரம்தான் வரும், மேல ஒரு செடித்தொட்டி வைக்கலாம்னு வீட்ல சொல்லுங்க (நிஜமா வச்சு தண்ணி ஊத்திடாதீங்க).

கோவை_ஹோம்லேப்:
கண்ணாடி கதவு மேட்டர்ல நான் அடிபட்டவன், அதனால சொல்றேனுங்க. ரெண்டு வருசம் முன்னாடி அழகா இருக்குதுன்னு கண்ணாடி கதவு வச்ச ரேக்கு எடுத்தேன், மேல ரெண்டு ஃபேன் குடுத்திருந்தாங்க, அப்புறம் என்ன கவலைன்னு பூட்டிட்டு ஊருக்கு போயிட்டேன். சித்திரை மாசம். திரும்பி வந்து பாத்தா நாஸ் தானா ஷட்டவுன் ஆகி கெடக்குது, அதோட பதிவுல டிஸ்க் டெம்பரேச்சர் 61 டிகிரி. ஃபேன் என்னமோ ஓடிட்டுதான் இருந்துச்சு, ஆனா காத்து உள்ள வர்றதுக்கு வழியே இல்ல, கீழ கேபிள் வர்ற ஓட்டையையும் பூச்சி வரும்னு நானே டேப் போட்டு அடைச்சு வச்சிருந்தேன். வெளிய தள்ளணும்னா உள்ள வரணுமில்லைங்களா, அந்த சின்ன விசயம் உறைக்கவே இல்ல.

அதுக்கப்புறம் உக்காந்து கணக்கு போட்டு பாத்தேன். பெயின்ட் அடிச்ச இரும்பு தகடு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 5.5 வாட் வெளிய விடும். மதுரைக்காரண்ணன் சொல்ற 18யூ சைஸுக்கு மேலயும் நாலு பக்கமும் சேத்து 3 சதுர மீட்டர் வருதுங்க. உங்க 250 வாட்ட ஃபேனே இல்லாம உள்ள போட்டு பூட்டுனா ரூம விட 15 டிகிரி கூட இருக்கும். மெட்ராஸ்ல மே மாசம் ஏசி இல்லாத ஹால் 35ன்னா உள்ள 50. வீட்டுக்குன்னு விக்குற நாஸ் பெரும்பாலும் 40 டிகிரி வரைக்கும்தான் எழுதி வச்சிருக்காங்க. அஞ்சு டிகிரிக்குள்ள புடிக்கணும்னா 90 சிஎஃப்எம் (நிமிசத்துக்கு 90 கன அடி) காத்து போய் வரணும், 120 மி.மீ. ஃபேன் ரெண்டு தாராளமா பண்ணும், வழி இருந்தா.

அதனால முன்னாடி சல்லடை மாதிரி ஓட்டை போட்ட கதவு எடுங்க. தூசிக்கு உள்பக்கமா காந்தம் வச்ச கொசுவலை ஒட்டிக்கலாம், மாசம் ஒரு தடவை உருவி தட்டுனா போதும், பல்லியும் வராது. ரேக்கோட வர்ற 230 வோல்ட் ஃபேன் மட்டும் வேண்டாம், மாவரைக்குற மாதிரி சத்தம். கழட்டிட்டு 12 வோல்ட் பிசி ஃபேன் போடுங்க, அதே 120 ஓட்டைல உக்காரும்.

கரண்ட்பில்_கவலை:
எல்லாரும் ரேக்க பத்தியே பேசுறீங்க, நான் அந்த 1யூ சர்வர பத்தி கேக்குறேன். அத ஹால்ல வச்சு எப்படி ப்ரோ தூங்குறீங்க, 40 மி.மீ. குட்டி ஃபேன் ஆறேழு கீச்சுனு கத்துமே? அது மட்டும் எவ்வளவு இழுக்குதுன்னு தனியா பாருங்க. 140 வாட்னு வச்சுக்கிட்டா ரெண்டு மாச பில்லுல 200 யூனிட் அது ஒன்னுக்கே. நம்ம ஊர்ல 500 யூனிட் தாண்டுனா மொத்த ஸ்லாபே மாறிடும், வீட்ல ஏசி வேற ஓடுனா அந்த கோட்ட தாண்ட வைக்குறதே இந்த சர்வராதான் இருக்கும். நீங்க அதுல ஓட்டுற வேலைய உங்ககிட்ட இருக்குற மினி பிசியே செய்யும். அத வித்தா ஆழம் பிரச்சினை, சூடு பிரச்சினை, சத்தம் மூணும் ஒரே கல்லுல காலி.

மதுரை_கேபிள்காரன்:
மேல சொன்ன தம்பி பேச்சு நூத்துக்கு நூறு சரி. ஆனா சர்வர் போனாலும் 800 ஆழமே எடுங்க, 600 எடுத்துட்டு நாளைக்கு புலம்பாதீங்க.

நேத்து சொல்ல மறந்தது, எர்த். இரும்பு பெட்டி, குழந்தை தொடுற உயரம், இத விளையாட்டா எடுக்காதீங்க. கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள்ள ஃபில்டர் கபாசிட்டர்னு ஒன்னு இருக்கு, எர்த் இல்லாத பாயின்ட்ல சொருகுனா பாடில பாதி வோல்டேஜ், 110, 115 மிதந்துக்கிட்டு நிக்கும். ஆளக் கொல்லாது, ஆனா தொட்டா சுர்ருனு இருக்கும். ரேக்குக்குள்ள எல்லாத்தையும் ஒரே இரும்புல முடுக்குறோம், அப்போ ரேக்கே சுர்ருங்கும். மல்டிமீட்டர்ல ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல 230 பக்கம் காட்டணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். அப்புறம் ரேக் பாடில ஒரு எர்த் போல்ட் இருக்கும், அங்கருந்து கதவுக்கும் சைட் தகடுக்கும் பச்சை ஒயர் போட்டு விடுங்க. பெயின்ட் மேல முடுக்குனா எர்த் ஆகாது, சுரண்டிட்டு முடுக்கணும்.

வைஃபை ரவுட்டர உள்ள வச்சு பூட்டிட்டு சிக்னல் வரலன்னு இங்க வந்து கேக்காதீங்க. யூபிஎஸ ரேக்கோட அடில வைங்க, சூடு மேலதான் ஏறும். பேட்டரிக்கு ஒவ்வொரு 10 டிகிரி ஏத்தத்துக்கும் ஆயுசு பாதியாகும்னு எங்க லைன்ல ஒரு கணக்கு.

டப்பா_சர்வர்:
மூணு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சர்வர வாங்குன கடையிலயே பாதி விலைக்கு குடுத்துட்டேன், மனசே இல்ல. இப்போ மொத்தம் 110 வாட். 18யூ 600க்கு 800, ஓட்டை கதவு, பிரிச்சு பார்சலா வர்ற டைப்தான் வாங்குனேன், ஏன்னா எங்க லிஃப்ட்ல முழு ரேக் ஏறாது. செவுரு தூள் வெள்ளைதான் அண்ணே, நல்லவேளை கேட்டேன்.

ரேக்க சேத்து நிறுத்துன கதை சொல்லியே ஆகணும். ஃபிரேம் நிக்க வச்சு எல்லா போல்ட்டையும் இறுக்கிட்டேன், அப்புறம் பாத்தா கதவு பூட்டு சேரல, 4 மி.மீ. இடிக்குது. எங்க வீட்டு தரை கோணல். எல்லாத்தையும் லூஸ் பண்ணி, கொத்தனார் வேலைக்கு வச்சிருந்த ரசமட்டத்த மேல வச்சு, அடில இருக்குற கால் ஸ்க்ரூவ திருகி திருகி குமிழி நடுவுக்கு வந்தப்புறம் மூலைக்கு மூலை டேப் புடிச்சேன், ரெண்டு குறுக்களவும் ஒன்னானதும் இறுக்குனேன், கதவு டக்குனு விழுந்துச்சு.

அடுத்தது கேஜ் நட் (ரெயில் ஓட்டைல சொருகுற சதுர நட்டு). அந்த சதுர நட்ட ஒரு காத உள்ள விட்டு இன்னொரு காத அமுக்கி தள்ளணும்ல, முதல் நாலஞ்சுக்கே கட்டைவிரல் நகம் பேந்துடுச்சு. பார்சல் கவருக்குள்ள வளைஞ்ச ஒரு தகரத்துண்டு கெடந்துச்சு, குப்பைன்னு நெனச்சு தூக்கி போட்டுட்டேன், அதுதான் நட்டு மாட்டுற கொக்கின்னு எல்லாம் முடிஞ்சப்புறம் தெரிஞ்சுது.

சுவிட்ச மாட்டுனா மேல் ஸ்க்ரூ போகுது, கீழ ஸ்க்ரூ கோணலா நிக்குது. ஒரு மணி நேரம் ரேக் கம்பெனிய திட்டுனேன். அப்புறம் ஸ்கேல் வச்சு பாத்தா ஓட்டைக்கு ஓட்டை தூரமே ஒன்னா இல்ல, 15.9, 15.9, அப்புறம் 12.7 மி.மீ., திரும்ப அதே. கிட்ட கிட்ட இருக்குற ரெண்டு ஓட்டைக்கு நடுவுலதான் ஒரு யூ முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குது, நான் ஒரு ஓட்டை தள்ளி ஆரம்பிச்சிருக்கேன். பதினாறு நட்டையும் கழட்டி திரும்ப மாட்டுனேன், இந்த தடவை மார்க்கர்ல யூ நம்பர் எழுதிட்டு.

நேத்து மதியம் ரூம் 33, ரேக்குக்குள்ள மேல்தட்டுல 36. எர்த் பாத்தாச்சு, நியூட்ரல் எர்த் 1.4 வோல்ட். பையன் கதவுல இருக்குற ஓட்டைல விரல விட பாக்குறான், போக மாட்டேங்குது. ஒரே ஒரு டவுட்டு, கதவுக்கு குடுத்த சாவி சைட் தகடுக்கும் சேருது, இது சரியா, இல்ல எனக்கு மட்டும் அப்படி வந்துருக்கா?

மதுரை_கேபிள்காரன்:
எல்லா ரேக்குக்கும் அதேதான் தம்பி, என் சாவிக்கொத்துல ஒன்னு கெடக்கு, அதுலயே பாதி ஆபீஸ் ரேக் தொறக்கும். பையனுக்குத்தான பூட்டுறீங்க, போதும். சாவிய மட்டும் ரேக்குக்குள்ள வச்சு பூட்டிடாதீங்க.

கோவை_ஹோம்லேப்:
மூணு டிகிரிதான் வித்தியாசமா, அருமைங்க. ஃபேனு என்ன ஆர்பிஎம்ல ஓட்டுறீங்க?

டப்பா_சர்வர்:
900. சத்தமே இல்ல. வீட்டம்மா செடித்தொட்டி வச்சுட்டாங்க, மணி பிளான்ட். தண்ணி பாட்டில்ல இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் பேசி அத ஜன்னலுக்கு மாத்தணும்.