ரேப்பிட் ஆட்டத்துக்கு முன் கோப்பி: எப்போது, எவ்வளவு?

செம்பனைக் குதிரை (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

வணக்கம். எங்கள் தோட்ட மண்டபத்தில் சனிக்கிழமை இரவு 8 மணிக்கு ரேப்பிட் சதுரங்கம் நடக்கிறது. ஆளுக்கு 15 நிமிடம், கூடுதல் வினாடி கிடையாது, ஐந்து சுற்று. ஆலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும் ஆடுகிறார்கள், இரண்டாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை பிள்ளைகளும் ஆடுகிறார்கள். எதிர்க் கடையிலிருந்து கோப்பி வந்தபடியே இருக்கும். மூன்றாம் சுற்றுக்கு மேல் ஒரு காய் அதிகம் வைத்திருப்பவர்கள்கூட நேரம் தீர்ந்து தோற்கிறார்கள். களைப்பு என்று இன்னொரு கோப்பி கொடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகிறது. கோப்பியை நிறுத்தச் சொல்வதா, குடிக்கும் நேரத்தை மாற்றுவதா?

கடிகாரக்காரர்:

நிறுத்த வேண்டாம், ஆனால் கோப்பி என்ன செய்கிறது என்று எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். தூக்கத்தைத் தள்ளிப்போடும், கவனத்தைப் பிடித்து வைக்கும். அதோடு ஆட்டக்காரரை அதிக நேரம் யோசிக்கவும் வைக்கும். 2017-இல் வெளிவந்த ஒரு ஜெர்மன் ஆய்வில் 39 ஆட்டக்காரர்களைக் கணினியோடு 15 நிமிட ஆட்டங்கள் ஆட வைத்தார்கள். உங்கள் போட்டிக்கும் அதே நேரம்தான். கோப்பியிலுள்ள காஃபினை எடுத்தபோது ஒவ்வோர் ஆட்டத்திலும் யோசிக்க எடுத்த நேரம் கூடியது. அந்தக் கூடுதல் நேரத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகுதான் பலன் கண்ணுக்குத் தெரிந்தது. அதாவது, கோப்பி இன்னும் ஒரு கிளையை, அதாவது இன்னொரு நகர்வு வரிசையை, யோசித்துப் பார்க்கச் சொல்கிறது, 15 நிமிடத்தில் அதற்கு இடமில்லை.

ஆகவே நேரத்துக்கு எல்லைக்கல் நடுங்கள். 10-ஆவது நகர்வில் கடிகாரத்தில் 12 நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும், 20-இல் 8, 30-இல் 4. பின்தங்கினால் அடுத்த மூன்று நகர்வுகளுக்கு ஒரே சோதனை: எதிராளி செக் வைக்க முடியுமா, என் காய்களில் எதையாவது அவர் வெட்ட முடியுமா? இரண்டுக்கும் இல்லை என்றால் உடனே நகர்த்துங்கள். கோட்டை கட்டிய (காஸ்லிங் செய்த) பிறகு வரும் முதல் பெரிய முடிவுக்கு மட்டும் ஒன்றரை நிமிடம் தரலாம். எந்தச் சிப்பாயைத் தள்ளுவது என்று மூன்று நிமிடம் உட்கார்ந்தால், அந்தக் கடன் கடைசி ஆட்டக்கட்டத்தில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

இயன்றால் 15 நிமிடத்தை 10 நிமிடமும் நகர்வுக்கு 5 வினாடியுமாக மாற்றுங்கள். 60 நகர்வுக்குக் கிட்டத்தட்ட அதே மொத்த நேரம்தான், ஆனால் ஜெயித்த நிலையில் கொடி விழுவது (நேரம் தீர்ந்து தோற்பது) வெகுவாகக் குறையும். நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்.

பழைய பலகை:

கோப்பிக்கடையில் சதுரங்கம் வளர்ந்த காலத்தில் கடிகாரமே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாரிஸின் கஃபே த லா ரெஜான்ஸ் என்ற கோப்பிக்கடையில் 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு சதுரங்க மேதை ஃபிலிடோர் ஆடினார். 1858-இல் அமெரிக்க ஆட்டக்காரர் மார்ஃபி அங்கே பலகையைப் பார்க்காமல் எட்டுப் பேரோடு ஒரே நேரத்தில் ஆடினார். 1851 லண்டன் போட்டியில் நேரக்கட்டுப்பாடு இல்லாததால், ஒரே நகர்வுக்கு வெகுநேரம் எடுக்கிறார்கள் என்று புகார் கிளம்பியது. பிறகு மணற்கடிகாரம், 1883 லண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம். கோப்பையும் நீண்ட யோசனையும் பொருந்திப்போனது அதற்கு முந்தைய உலகத்தில்.

மருந்தகத்து மந்திரி:

அளவைச் சொல்கிறேன். காஃபின் குடித்த 30 முதல் 60 நிமிடத்தில் இரத்தத்தில் உச்சத்துக்கு வரும், பாதியாகக் குறைய சராசரி 5 மணி நேரம். அதனால் சுற்றுக்குச் சுற்று ஒரு கோப்பை என்றால் ஒன்று இறங்கும் முன் அடுத்தது ஏறுகிறது. உங்கள் மூன்றாம் சுற்றுச் சிக்கலில் இதற்கும் பங்கு உண்டு: கை நடுக்கம், படபடப்பு, அவசரத்தில் கடிகாரத்தை அடிக்க மறப்பது.

நலமுள்ள பெரியவர்களுக்கு ஒரே வேளையில் 200 மி.கி., நாள் முழுக்க 400 மி.கி. என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் எல்லை. கருவுற்றவர்களுக்கு நாளுக்கே 200. ஒரு தேக்கரண்டி உடனடிக் கோப்பித்தூளில் ஏறக்குறைய 60 மி.கி. இருக்கும். கடைக் கோப்பி எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல முடியாது. ரோபஸ்டா கொட்டையில் அராபிக்காவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபின், துணிப்பையில் எவ்வளவு நேரம் ஊறியது என்பதும் சேரும். கோப்பைக்கு 100 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், "காவ்" (கடுங்கோப்பி) கேட்டால் அதற்கும் மேல். நிறத்தை நம்ப வேண்டாம்: சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுத்த கொட்டை கறுப்பாக இருப்பதற்குக் காரணம் கருகிய சர்க்கரை.

என் யோசனை: சாப்பிட்டுவிட்டு, முதல் சுற்றுக்கு 40 நிமிடம் முன்னால் ஒரு கோப்பை, குராங் மானிஸ் (சர்க்கரை குறைவாக). இரண்டாம் சுற்று முடிந்ததும் வேண்டுமானால் அரைக் கோப்பை. அதற்கு மேல் வெந்நீர்.

தினம் காலையில் குடிப்பவர் போட்டி நாளில் மட்டும் நிறுத்தக் கூடாது, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். விடிகாலை எழுந்தவரின் தூக்கக்கடனையும் கோப்பி அடைக்காது. மாலை 5 மணிக்கு வந்து 20 நிமிடம் கண் மூடினால் அது கூடுதல் கோப்பையைவிட மேல். இரவு 9 மணிக்கு 200 மி.கி. குடித்தவருக்கு அதிகாலை 2 மணிக்கும் சுமார் 100 உடம்பில் இருக்கும். ஞாயிறு காலை வேலைக்குப் போகிறவர்களை நினைத்துப் போட்டியை மாலை 4 மணிக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

செம்பனைக் குதிரை:

நன்றிங்க. பிள்ளைகளுக்கு என்ன அளவு? இன்னொன்று, கெட்டிப்பால் கோப்பி கொட்டி இரண்டு பலகையும் ஒரு கடிகாரமும் பிசுபிசுத்துக் கிடக்கின்றன.

மருந்தகத்து மந்திரி:

அதே ஐரோப்பிய அமைப்பின் கணக்கில் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. 40 கிலோ பிள்ளைக்கு 120. கடைக் கோப்பி ஒன்றிலேயே ஏறக்குறைய முடிந்துவிடும், பகலில் குடித்த தேநீரும் கோலாவும் இதே கணக்கில் சேரும். இரவுப் போட்டியில் அவர்களுக்குக் கோப்பி வேண்டாம். மைலோவோ (கோக்கோ பானம்) பார்லித் தண்ணீரோ போதும். கோக்கோவிலும் கொஞ்சம் காஃபின் உண்டு, ஆனால் மிகக் குறைவு.

கடிகாரக்காரர்:

கடிகாரத்தின் பேட்டரியை முதலில் கழற்றுங்கள். ஈரத்துணியைப் பிழிந்து பொத்தானின் ஓரத்தை மட்டும் துடைத்து, ஒரு நாள் நிழலில் காய வையுங்கள். தண்ணீரில் காட்ட வேண்டாம். வினைல் பலகைக்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்த பிறகே சுருட்டுங்கள். பிளாஸ்டிக் காய்களைக் கழுவலாம், ஆனால் அடியில் ஒட்டிய துணியை நனைத்தால் பசை விட்டுவிடும். இனிமேல் கோப்பைக்குத் தனி ஸ்டூல், ஆட்டக்காரரின் வலப்புறம் பின்னால். பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த கோப்பி நாற்காலி முதுகில்கூடத் தொங்கக் கூடாது.

கழிப்பறைக்குப் போனாலும் கடிகாரம் நிற்காது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். தன் முறை இருக்கும்போது நடுவரின் அனுமதி இல்லாமல் ஆட்டப் பகுதியை விட்டுப் போகக் கூடாது என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி. நகர்த்தி, கடிகாரத்தை அடித்துவிட்டு எழுவதுதான் வழக்கம். கைப்பேசி நடுவர் மேசையிலேயே இருக்கட்டும்.