இரண்டு வாரமா, மூன்று வாரமா? அக்காவின் கீமோ பற்றி

நொய்யல்கரை:
கோபியில் இருக்கிற எங்கள் அக்காவுக்கு வயது 46. மார்புக் கட்டியை எடுத்தாயிற்று. அக்குளில் 5 நெறிகளில், அதாவது நிணநீர் முடிச்சுகளில், புற்று பரவியிருந்தது. ஏசி என்கிற இரண்டு கீமோ மருந்துகளை (டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு) இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை ஏற்றிவிட்டு அப்புறம் பேக்லிடாக்சல் என்ற இன்னொரு கீமோ மருந்து என்கிறார் கோவை டாக்டர். மூன்று வாரம் விட்டுப் போட்டால் ஆகாதா என்கிறார் மச்சான். நான் டாக்டர் பக்கம். பார்த்தவர்கள் சொல்லுங்க.

தாராபுரத்தான்:
நான் உங்க மச்சான் பக்கம்ங்க. எங்கள் அம்மாவுக்கு மூன்று வாரக் கணக்குதான். ஏசியில் இருக்கிற சிவப்பு மருந்து ஏறினால் பத்து நாளைக்குச் சோற்று வாசமே ஆகாது. பதினைந்தாம் நாள்தான் அரிசிம்பருப்பு ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். அந்த நாளில் மறுபடி ஊசியைக் குத்துவதா?

நொய்யல்கரை:
கஷ்டம் புரியுதுங்க அண்ணா. ஆனால் 26 ஆய்வுகளில் இருந்த 37,298 பெண்களின் கணக்கைச் சேர்த்து 2019இல் லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். பத்து வருடத்தில் நோய் திரும்பியது வழக்கமான முறையில் 31.4 சதவீதம், நெருக்கிக் கொடுத்ததில் 28. மார்புப் புற்றால் இறந்தவர்கள் வழக்கமான முறையில் 21.3, நெருக்கிக் கொடுத்ததில் 18.9. வேறு காரணத்தால் சாவு கூடவில்லை.

தாராபுரத்தான்:
நூறு பேரில் மூன்று பேருக்காக மற்ற எல்லோரும் வதைபடணுமா? 1990களில் இதைவிடப் பெரிய நம்பிக்கை கொடுத்தார்கள். மருந்தைப் பல மடங்கு ஏற்றி, முன்னமே எடுத்து வைத்த நோயாளியின் எலும்பு மஜ்ஜை செல்லைத் திருப்பிச் செலுத்தினார்கள். 1999இல் ஆய்வு முடிவுகள் வந்தபோது பெரும்பாலும் பலன் இல்லை. பலன் உண்டென்ற தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடி என்று அடுத்த வருடமே வெளிவந்தது.

பெருந்துறை சிஸ்டர்:
முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் சொல்கிறேன், இரண்டையும் குழப்பாதீங்க தம்பி. அது அளவை ஏற்றியது. இது அதே அளவுதான், இடைவெளி மட்டும் குறைவு. மிஞ்சின புற்று செல் சின்னதாக இருக்கும்போதுதான் வேகமாக வளரும். அதற்கு நேரம் விடாமல் அடுத்ததைப் போடுகிறார்கள். வெள்ளை அணு இறங்காமலிருக்க மறுநாள் வயிற்றில் ஓர் ஊசி உண்டு. 2003இல் வந்த அமெரிக்க ஆய்வில், அந்த ஊசியோடு இரண்டு வாரக் கணக்கில் போனவர்களுக்குத்தான் வெள்ளை அணு மோசமாக இறங்கியது குறைவு. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது சிலருக்குக் கூடுதல், அதையும் மறைக்கக் கூடாது. இடுப்பெலும்பு குடைகிற வலியும் வரும்.

தாராபுரத்தான்:
சரிங்க சிஸ்டர், அளவு விஷயத்தில் நான் சொன்னது பொருந்தாது. ஆனால் அந்த ஊசியைக் குளிர் கெடாமல் கோபிக்குக் கொண்டுபோகணும். ராத்திரி காய்ச்சல் 100.4 தொட்டால் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். தறிக்குப் போகிற மனுஷன் இருக்கிற வீட்டில் யார் பார்ப்பது? மூன்றாவது வாரம் உடம்புக்கு மட்டுமில்லை, வீட்டுக்கும் மூச்சு விடுகிற வாரம்.

நொய்யல்கரை:
ஏசி எட்டு வாரத்தில் முடியும், பன்னிரண்டு ஆகாது. அந்த எட்டு வாரமும் நான் கோபியில் இருக்கிறேன். ஊசிக்குப் பெரிய தெர்மாஸ் பிளாஸ்க்கும் வாங்கியாயிற்று.

பெருந்துறை சிஸ்டர்:
மருந்து குளிர்ந்தால் போதும் கண்ணு, உறையக் கூடாது. ஐஸ்கட்டிமேல் நேரடியாக வைக்காமல் துணியில் சுற்றி வை. ஒவ்வொரு தடவையும் முன்னாடி ரத்தம் பார்ப்பார்கள்; அணு ஏறாவிட்டால் டாக்டரே தள்ளிப் போடுவார்.

தாராபுரத்தான்:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லைங்க. இத்தனை பேர் பேசுகிறோம், அக்காவிடம் யாராவது கேட்டீங்களா?

நொய்யல்கரை:
இல்லைங்க அண்ணா. இன்று ராத்திரி கேட்கிறேன்.