கடைச் சுவருக்குச் செட்டிநாட்டுப் பூச்சா, டப்பா ஸ்டக்கோவா?

மணிமாறன்:
கோவையில் ஒரு துணிக்கடைக்கு உள்வேலை எடுத்திருக்கிறேன். முதலாளி மெருகேறிய சுவர் கேட்கிறார். செட்டிநாட்டுச் சுண்ணாம்புப் பூச்சு போடலாம் என்பது என் எண்ணம். டப்பாவில் ஆயத்தமாக வரும் அக்ரிலிக் ஸ்டக்கோ என்ற அலங்காரப் பூச்சே போதும் என்கிறார் கான்ட்ராக்டர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செல்வி:
கான்ட்ராக்டர் பக்கம்தான் நான். வேலை நடக்கும் நாளெல்லாம் கடைக்கு வாடகை ஓடும். சுண்ணாம்பை நீற்றி ஊறவைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் இறுகிய பிறகுதான் அடுத்தது. கடைசியாக முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சை வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அந்தக் கை உள்ள கொத்தனார்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்? டப்பா ஸ்டக்கோ பட்டி பார்த்த சுவரிலேயே ஏறிவிடும்.

அழகப்பன்:
நாள் பிடிக்கும், சரி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அக்ரிலிக் ஸ்டக்கோ காய்ந்தால் மேலே ஒரு பிளாஸ்டிக் படலம்தான். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடியும் கல்லாகிறது. செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள், கையே சொல்லும். ஓதமுள்ள சுவரில் சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், அக்ரிலிக் கொப்புளித்து உரியும்.

செல்வி:
நாளை அதே பூச்சை ஹோட்டலுக்கும் கேட்பார்கள். எலுமிச்சைச் சாறு தெறித்தால் சுண்ணாம்பு அரித்து மெருகு போய்விடும். துடைக்க வருகிறவர் ஆசிட் கலந்த கிளீனரை எடுத்தால் அந்த இடம் வெளுத்து நிற்கும்.

அழகப்பன்:
புளிப்புக்குத் தாங்காது, உண்மை. தண்ணீருக்கு வழி இருக்கிறது. மொராக்கோ குளியலறைகளில் தடெலாக்ட் என்ற சுண்ணாம்புப் பூச்சைக் கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெய்ச் சோப்புப் போடுகிறார்கள். சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத பொருளாகிவிடும். ஹோட்டலில் கைகழுவும் இடத்துக்கு மட்டும் டைல் ஒட்டுங்கள்.

மூர்த்தி கொத்தனார்:
தம்பி, சுவர் எதால் ஆனது என்று யாருமே கேட்கவில்லையே? ஜிப்சம் போர்டிலும் பெயின்ட் அடித்த சுவரிலும் நம்ம ஊர்ச் சுண்ணாம்பு பிடிக்காது. பெயின்டைச் செங்கல் வரை கொத்தி எடுத்து, மணல் கலந்த சுண்ணாம்பில் அடிப்பூச்சு போட்டுத்தான் மேலே போக வேண்டும்.

மணிமாறன்:
கல்லாவுக்குப் பின்னால் பழைய செங்கல் சுவர், அண்ணே. மற்ற மூன்று பக்கமும் போர்டு.

மூர்த்தி கொத்தனார்:
அப்போ செங்கல் சுவருக்குச் சுண்ணாம்பு, போர்டுக்கு ஸ்டக்கோ.

செல்வி:
அதற்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்லால் தேய்த்த மெருகையும் டப்பா மெருகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கெடும். கல்லாச் சுவருக்குச் சுண்ணாம்பு என்றால், போர்டுக்குப் பளபளப்பில்லாத சாதா பெயின்ட் போதும்.