பாரிஸ் போகும் அப்பா அம்மாவுக்கு விசா: நாமே போடலாமா, ஏஜென்ட்டிடம் விடலாமா?

அரசலாறு:
அப்பா அம்மா கும்பகோணம் பக்கம் விவசாயம். பாரிஸில் இருக்கும் தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கிவர டூரிஸ்ட் விசா எடுக்கணும். இருவருக்கும் இது முதல் வெளிநாட்டுப் பயணம். வருமான வரிக் கணக்கு கிடையாது. ஏஜென்ட் ஒருவர், "சென்னைக்கே வர வேண்டாம், ஒரு வாரத்தில் முடிச்சுத் தர்றோம்" என்கிறார். நம்பலாமா?

வெண்ணாறு:
அந்த ஒரு பேச்சே போதும், அவரை விட்டுடுங்க. கைரேகை வைக்க ஆளே நேரில் போகணும். 59 மாதத்துக்குள் ஷெங்கன் விசாவுக்கு (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா, நீங்க எடுக்கப்போவதும் இதுதான்) ஏற்கெனவே வைத்தவர்களுக்குத்தான் விலக்கு. உங்க வீட்டில் இருவரும் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறித்தான் ஆகணும். 'ஒரு வாரம்' என்பதும் அவர் கையில் இல்லை. வழக்கமான கெடு 15 நாள், சந்தேகம் வந்தால் 45 வரை இழுக்கும். 6 மாதம் முன்னாடியே போடலாம், அதனால் அவசரத்துக்குக் காசு கொடுக்கவே தேவையில்லை. பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ கட்டணம், அதோடு விண்ணப்பத்தை வாங்கும் விஎஃப்எஸ் நிறுவனத்தின் சேவைக் கட்டணம். மறுத்தாலும் திரும்பாது.

படிவத்தை பிரான்ஸ்-விசாஸ் என்ற பிரெஞ்சு அரசுத் தளத்தில் நீங்களே நிரப்பலாம். இனிஷியல் பாஸ்போர்ட்டில் எப்படி விரிந்து அச்சாகியிருக்கோ, எல்லாக் காகிதத்திலும் அப்படியே வரணும். கையெழுத்து மட்டும் அவங்களே போடணும்.

குடமுருட்டி:
உங்க கேஸில் முக்கியமான காகிதம் தங்கை கையில்தான் இருக்கு. அவங்க ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகம்) 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்', அதாவது விருந்தினரைத் தன் வீட்டில் தங்க வைப்பதற்கான சான்று, வாங்கணும். 30 யூரோ ஸ்டாம்ப், வீட்டு ஆதாரம், சம்பளச் சீட்டு கேட்பாங்க. முதலில் அதை ஆரம்பிங்க, சில வாரம் ஓடிடும். ஒரிஜினலே கூரியரில் வரணும். அது இருந்தால் ஹோட்டல் புக்கிங் வேண்டாம். சில ஏஜென்ட் போலி புக்கிங் செருகி வைப்பாங்க; மாட்டினால் மறுப்பு, அந்தப் பதிவு 5 வருஷம் கணினியில் கிடக்கும்.

வரிக் கணக்கு இல்லாததற்கு பட்டா, சிட்டா, அடங்கல் வையுங்க, ஆங்கில மொழிபெயர்ப்போடு. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் கொள்முதல் நிலையப் பணம் மொத்தமா ஏறியிருக்கும். நெல் போட்ட ரசீதைக் கூடவே இணைச்சுடுங்க, இல்லேன்னா விசாவுக்காகக் கடன் வாங்கிப் போட்ட பணம் மாதிரி தெரியும். செலவு தங்கையுடையது என்றால் மறைக்காமல் அவங்க கடிதமும் ஸ்டேட்மென்ட்டும் வையுங்க. இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாள் முழுசுக்கும்.

அரசலாறு:
நன்றி சகோ. திரும்பும்போது சிங்கப்பூரும் பார்க்கணும்னு அப்பாவுக்கு ஆசை. அதையும் நாமே போட்டுடலாமா?

வெட்டாறு:
அங்கே நிலைமை தலைகீழ். இந்தியர்கள் சிங்கப்பூருக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான் போடணும், அல்லது அங்கே இருக்கும் குடிமகனோ பிஆரோ (நிரந்தரக் குடியுரிமை அனுமதி பெற்றவர்) உங்களுக்காக ஆன்லைனில் போடணும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர்; அதுக்கு மேலே கேட்பது ஏஜென்ட் கூலி, அதில் பேரம் பேசுங்க. இறங்குவதற்கு 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்பும் அரைவல் கார்டு (வருகைப் படிவம்) இலவசம். அதுக்குக் காசு கேட்கும் தளம் எதுவா இருந்தாலும் மூடிடுங்க.