வாடகை வீட்டுக் கடன்: 3 தவணை பாக்கி, எப்படிப் பேசுவது?

கேள்வி:
கடனில் வாங்கிய வீட்டை வாடகைக்கு விட்டிருந்தேன். குடியிருந்தவர்கள் திடீரெனக் காலி செய்ததில் வீடு 4 மாதம் பூட்டிக் கிடந்தது, 3 தவணை நின்றுபோனது. இப்போது வேறு ஆள் வந்தாயிற்று. ஆனால் கடன் கொடுத்தவர்களிடமிருந்து தினமும் போன். "அடுத்த வாரம் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே கூசுகிறது. போன வாரம் ஒரு தவணை கட்டினேன். கணக்குத் தாளைப் பார்த்தால் பாதி அபராதத்துக்குப் போயிருக்கிறது, பாக்கி இன்னும் 3 என்றே நிற்கிறது. வயிறு எரிகிறது.

பதில் 1:
சார், போனில் வாக்குக் கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். அசல், வட்டி, அபராதம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். அப்புறம் வாடகை வரவு, வரி, பழுதுச் செலவு எல்லாம் ஒரே தாளில் எழுதி, மாதம் இவ்வளவுதான் கூடுதலாகக் கட்ட முடியும் என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். முடியாத தொகையை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஏற்பாடு ஒருமுறை முறிந்தால் மறுமுறை கேட்பது கஷ்டம்.

பதில் 2:
பாக்கியை அசலோடு சேர்த்துவிடலாம் என்பார்கள். மாதச் சுமை பெரிதாகத் தெரியாது, ஆனால் கடைசி வரை அதற்கும் வட்டி ஓடும். கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். வாடகையை வேறு செலவில் கலக்காமல் தனிக் கணக்கில் வாங்குங்கள்.

கேட்டவர்:
சரி, இன்று இரவே தாளை எழுத உட்காருகிறேன். அபராதத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் கேட்கலாமா?

பதில் 1:
தாராளமாக. வீடு காலியாக இருந்ததற்கான ஆதாரத்தையும் புது வாடகை ஒப்பந்தத்தையும் இணைத்துக் கேளுங்கள்.