என்ஜாய்க்கு அப்புறம் 'டு' வராதா?

காட்பாடிவாசி: வங்கித் தேர்வுக்கு ஆங்கில இலக்கணம் படிக்கிறேன். 'வான்ட் டு கோ' சரியாம், 'என்ஜாய் டு ரீட்' தப்பாம். ஒரு வினைச்சொல்லுக்கு அப்புறம் எங்கே 'டு', எங்கே 'இங்' ('ரீடிங்' மாதிரி)? விதி ஏதாவது உண்டா?

குடியாத்தம் டீச்சர்: முழு விதி கிடையாது தம்பி. இனி நடக்கப்போவதைக் குறிக்கும் வான்ட், ஹோப், டிசைட், பிளான் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 'டு'. என்ஜாய், ஃபினிஷ், அவாய்டு, மைண்ட் இவற்றுக்கெல்லாம் 'இங்' தான், பட்டியலை உருப்போடாமல் வாக்கியமாகவே சொல்லிப் பழகுங்கள்.

ஆற்காட்டான்: 'ஸ்டாப்' தான் ஆளைக் கவிழ்க்கும். 'ஸ்டாப்டு ஈட்டிங் மக்கன்பேடா' (எங்கள் ஊர் இனிப்பு) என்றால் சாப்பிடுவதையே விட்டாச்சு. 'ஸ்டாப்டு டு ஈட் மக்கன்பேடா' என்றால் ஆற்காட்டில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டாச்சு. (முதலாவதை எவன் செய்வான்!)

காட்பாடிவாசி: அப்போ 'லுக் ஃபார்வர்டு டு மீட்' சரிதானே?

குடியாத்தம் டீச்சர்: இல்லை, அந்த 'டு' வெறும் பிரிபொசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இடைச்சொல். 'மீட்டிங்' என்றே வரும்.